நாளைக்கென்று ஒரு பாட்டில்

அத்தியாயம் 11

லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடப்பட்டதையும், அவர் வீட்டுக்கு வந்து கருவிப் பையை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டு, "ஆண்டவர் பாத்துக்குவார்" என்று கையைக் கழுவப் போனதையும் போன வாரம் பார்த்தோம். அவர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவிதான் அன்றிலிருந்து வீட்டில் இருப்பதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அது நடந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. வேலை போன வீட்டில் எத்தனையோ குறையும். தட்டில் குறையும், பேச்சில் குறையும். அதையெல்லாம் அவள் சமாளித்துவிடுவாள். வீடு வீடாக ஜன்னல் அளந்து திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள் அவள். துணி போதாத இடத்தில் மடிப்பைக் குறைத்து, பார்ப்பவர் கண்ணுக்கு நிறைவாகக் காட்டத் தெரிந்தவள். ஆனால் ஃப்ரிட்ஜ் கதவில் நிற்கும் சின்னக் கண்ணாடி பாட்டிலிடம் அந்த வித்தை பலிக்காது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தாள்.

அது மகளின் மருந்து. வீட்டில் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மூடாத பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பது? போன வருடம் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்ததிலிருந்து குருவிக்குக் காலையில் ஓர் இன்சுலின் ஊசி, மாலையில் ஓர் ஊசி. காலையில் அம்மா போடுவாள். தையல் வேலை குவிந்து கிடக்கும் மாலையில் அப்பா போடுவார். மருந்தெல்லாம் கம்பெனி மருந்தகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. மூடிய அன்று அங்கிருந்தவர் மிச்சமிருந்த பாட்டில்களை மெக்கானிக் கையில் திணித்து, "இனிமே இங்க வந்து பிரயோஜனம் இல்ல சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பாட்டில்களில் ஒன்றை அவள் ஒளித்து வைத்தாள். ஃப்ரிட்ஜின் மேல் தட்டில், ஆக உள்ளே, ஒரு பழைய தகர டப்பாவுக்குள். எல்லாம் தீர்ந்துபோகிற நாள் ஒன்று வருமே, அந்த நாளுக்காக. கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒரு மாதிரி பார்ப்பார். 'உனக்கு விசுவாசம் இல்லையா?' என்று வாய்விட்டுக் கேட்கக்கூட மாட்டார், பார்ப்பார். அதுதான் அவளால் தாங்க முடியாதது.

இனி, இன்றைய காலை.

குருவி மேஜையில் துணிப் படங்களைப் பரப்பி வைத்திருந்தாள். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அம்மாதான் டீச்சர். கதை சொல்லும்போது பலகையில் ஒட்டிக் காட்டுவதற்காகத் திரைச்சீலை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளில் அவள் தைத்த படங்கள் அவை. இந்த வாரக் கதை, வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா. வெள்ளைத் துணியில் பொடிப் பொடியாக மன்னா, பழுப்புத் துணியில் பை போல மூடி வைத்த ஒரு பானை, நாளைக்கு வேண்டுமென்று எடுத்து வைத்தவர்களின் பானையில் நெளிவதற்குப் பச்சை நூலில் புழுக்கள்.

"அம்மா, இந்தப் புழு சூப்பரா இருக்கு. ஒண்ணு நான் வெச்சுக்கவா?"

"பாடம் முடிஞ்சதும் எடுத்துக்கோ. சட்டையத் தூக்கு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஊசியில் மருந்தை இழுத்தாள். டாக்டர் சொன்ன கோடு வரை இழுத்தாள். பிறகு இரண்டு கோடு மருந்தைத் திரும்பப் பாட்டிலுக்குள்ளேயே தள்ளினாள். ஒரு மாதமாக இதே திருட்டு. இரண்டு கோட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்கும் பட்டைகளும் தீர்ந்துவிடுமே என்று விரலில் குத்திப் பார்ப்பதையும் நிறுத்தி வைத்திருந்தாள். பார்த்தால் எண் தெரியும். எண் தெரிந்தால் பயம் இன்னும் கூடும்.

திரும்பியபோது குருவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பச்சைப் புழுவைப் பானைக்குள் போட்டு மூடினாள். ஒன்றும் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் விடாத பெண்.

"என்னடி சத்தத்தையே காணோம்?"

"தூக்கம் வருது. தண்ணி குடும்மா."

இரண்டு டம்ளர் குடித்தாள். மூன்றாவதும் கேட்டாள். பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அம்மா ஊசி நூலை எடுத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்து ஒரு தையல் போட்டாள். இந்த மாதத்தில் இரண்டாம் தடவை. ஜன்னல் அளவில் அரை அங்குலம் தவறினால் கண்டுபிடித்துவிடுகிறவள், மகளின் இடுப்பு எவ்வளவு சிறுத்திருக்கிறது என்று டேப் வைத்துப் பார்க்கவில்லை. 

அந்த நேரத்தில் மெக்கானிக் குளித்துவிட்டு வந்தார். முகத்தில் ஒரு மாதமாகக் காணாத வெளிச்சம். புதிதாகக் கட்டிய ஒரு கட்டடத்தில் லிஃப்ட் தகராறு செய்கிறதாம், வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சரியாகச் செய்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களாம்.

"பைய எடுத்துத் தரேன் இருங்க" என்று அவள் முக்காலியில் ஏறப் போனாள்.

"வேணாம் வேணாம், நானே எடுத்துக்கறேன். கனம்." அவசரமாக வந்து அவரே இறக்கிக்கொண்டார். பத்து வருடமாக அந்தப் பையை அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள். இன்று மட்டும் என்ன கனம் என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க நேரமில்லை.

வாசலில் மூவரும் நின்றார்கள். அவர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இன்னிக்கு வேண்டியத இன்னிக்குக் குடும். நாளையப் பத்தி எங்களுக்குக் கவலை இல்லாம செய்யும்."

"ஆமென்" என்றாள் அவள். வாய்தான் சொன்னது. அவள் கண் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது.

மதியம் ஆகவில்லை. அவள் ஒரு நீலத் திரைக்கு மேல் பட்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஹார்ன் விடாமல் அலறியது.

மெக்கானிக்கின் அக்கா, அவளுடைய நாத்தனார்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், தெருவுக்கே வேன் அக்கா. தம்பி குடும்பம் எவ்வளவுக்கெவ்வளவு பக்தியோ அவ்வளவுக்கவ்வளவு இவள் கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்காதவள். தம்பி கல்யாணமான நாளிலிருந்து இவளுக்கும் தம்பி மனைவிக்கும் ஏழாம் பொருத்தம்.

"கத்திரிக்கோலக் கீழ போட்டுட்டு வா!" என்று கத்தினாள் வேன் அக்கா. "புள்ள வகுப்புல வாந்தி எடுத்திருக்கா. நான் மழலையர் வகுப்ப ஏத்தப் போனா, டீச்சர் இவளக் கையில தூக்கிக் குடுக்கறாங்க. வழி பூரா ஒரு வார்த்தை பேசல. குருவி பேசல, தெரியுதா உனக்கு?"

குருவி அத்தையின் தோளில் துவண்டு கிடந்தாள். மூச்சு ஆழமாக, வேகமாக இழுத்தது, ஓடி வந்தவள் போல. அம்மா முகத்தருகே குனிந்தாள். மூச்சில் பழுத்து அழுகிய பழத்தின் வாசனை. அந்த வாசனை வந்தால் காத்திருக்காதீர்கள் என்று போன வருடமே டாக்டர் சொல்லியிருந்தார். 

ஓடிப்போய்ச் சர்க்கரை பார்க்கும் கருவியையும் பட்டையையும் எடுத்து வந்து மகளின் விரலில் குத்தினாள். கருவியில் எண் வரவில்லை. எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்துதான் வந்தது. அளக்க முடியாத உயரத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

"என்ன காட்டுது?" என்றாள் வேன் அக்கா.

அவள் கருவியை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கதவில் இருந்த பாட்டிலில் அடியில் ஒட்டிய கொஞ்சம்தான் மிச்சம். அதை விட்டுவிட்டு மேல் தட்டில் கையை உள்ளே விட்டாள். தகர டப்பா பனியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தாள். மூடியைத் திறந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள்.

உள்ளே மருந்து அசையவில்லை. உறைந்து கட்டியாகியிருந்தது.

உறைந்த இன்சுலின் உதவாது. உருக்கினாலும் உதவாது, தூக்கித்தான் போட வேண்டும். அதுவும் அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும் அவளுக்கு. ஒளிக்கிற அவசரத்தில் பனிச் சுவரை ஒட்டி வைத்தது மட்டும் தெரியாமல் போயிற்று.

மேஜையில் துணிப் பானை அப்படியே இருந்தது. மூடியிடுக்கில் பச்சை நூல் ஒன்று எட்டிப் பார்த்தது. அந்தக் கதையை எத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!  ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என்ன கையில?"

"ஒளிச்சு வெச்சேன் அக்கா. தீந்து போச்சுன்னா என்ன பண்றதுன்னு. அதுக்காக தினமும் ரெண்டு கோடு குறைச்சு..." 

கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் ஒரு குத்தல் வைத்திருப்பவள் வேன் அக்கா. இன்று அவள் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தைதான். "ஏறு."

வேனுக்குள் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வீட்டில் இறக்கிவிட இப்போது யாருக்கு நேரம்? குருவியை நடுச் சீட்டில் படுக்கவைத்து, தலையை மடியில் வாங்கிக்கொண்டாள் அம்மா. வேன் அக்கா ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினாள். சிக்னலில் நின்றபோதெல்லாம் கையில் போன். பெற்றோர் ஒவ்வொருவருக்கும், "ஒண்ணும் பயமில்ல, கொஞ்சம் லேட்டாகும்" என்று பச்சைப் பொய். தம்பிக்கும் அடித்தாள். அவன் லிஃப்ட் குழிக்குள் இருந்தானோ என்னவோ, போன் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிச் செய்தி விட்டாள்.

"குருவி அக்கா ஏன் தூங்கறாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"உடம்பு சரியில்லடா."

"தண்ணி..." என்றாள் குருவி கண்ணைத் திறக்காமல்.

கிளம்பிய அவசரத்தில் அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து வரவில்லை. அவள் திருதிருவென்று விழித்தாள். பக்கத்துச் சீட்டிலிருந்து யானைப் படம் போட்ட பாட்டில் ஒன்று நீண்டது. பின்னாலிருந்து இன்னொன்று. பிறகு சின்னக் கைகளாக நீண்டன, கழுத்தில் மாட்டியிருந்த வாரோடு, மூடி திறக்கத் தெரியாமல் அப்படியே. அவள் அதில் ஒன்றை வாங்கி மகளின் உதட்டை நனைத்தாள். கண்ணீர் வந்துவிட்டது. ஜெபிக்க வேண்டும் என்று நினைத்தாள். எந்த முகத்தோடு ஜெபிப்பது என்று தெரியவில்லை. 'எடுத்துக்கொள்ளாதேயும், எடுத்துக்கொள்ளாதேயும்' என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வந்தது, கதவு திறந்தது, குருவி உள்ளே போனாள், கதவு மூடியது. வேன் அக்கா பிள்ளைகளைக் காவலாளி கண்ணெதிரே வண்டிக்குள் உட்காரவைத்து, ஒரு டீச்சரை வரச் சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். "ட்ரிப் ஏத்தறோம். ரத்தத்துல சர்க்கரையும் அமிலமும் ரொம்ப ஏறியிருக்கு. இன்னும் சில மணி நேரம் எதுவும் சொல்ல முடியாது. ஒரு விஷயம் எனக்கு உண்மையாத் தெரியணும். ஊசி ஒழுங்காப் போட்டீங்களா?"

 பெற்ற மகளுக்கு மருந்தைக் குறைத்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பிள்ளையைத் தன்னிடம் திருப்பித் தருவார்களா? கணவர் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் நாத்தனாரைப் பார்த்தாள். வேன் அக்கா போட்டுக் கொடுக்கவில்லை. "நீயே சொல்லு" என்றாள் மெல்ல.

"காலைல... ரெண்டு கோடு குறைச்சுப் போட்டேன். ஒரு மாசமா."

டாக்டரம்மா திட்டவில்லை. நெற்றியைச் சுருக்கினார். "காலைல மட்டும் ரெண்டு கோடு குறைஞ்சா இவ்வளவு மோசமாகாதே. சாயங்காலம்?"

"சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் போடுவார். அவர் சரியாத்தான் போடுவார் டாக்டர். அவர் அப்படியெல்லாம் செய்யமாட்டார்."

"அப்ப வேற ஏதோ இருக்கு. கிருமித் தொற்றா இருக்கலாம். அதத் தேடணும்." டாக்டரம்மா திரும்பினார்.

அப்போதுதான் மெக்கானிக் ஓடி வந்தார். முழங்கை வரை கிரீஸ், தோளில் கருவிப் பை. மூச்சு வாங்கியது. "டாக்டர்! மருந்து வேணும்னா எங்கிட்ட இருக்கு!"

பையைத் தரையில் போட்டு, ஸ்பேனர்களை ஒதுக்கி, அடியிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். அதே மாதிரி பாட்டில். மூடி உடைக்காத புது பாட்டில்.

டாக்டரம்மா கையில் வாங்கினார். விரலால் தடவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சூடா இருக்கு. உள்ள திரி திரியா இருக்கு, கெட்டுப்போச்சு. இத எங்க வெச்சிருந்தீங்க?"

"பையிலதான். அலமாரி மேல."

"எத்தனை நாளா?"

 அவர் சொல்வதற்குள் அவர் மனைவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அலமாரி, கனமான பை, முக்காலியில் ஏறவிடாமல் தடுத்தது. கூரைக்குப் பக்கத்தில், அனல் தங்குகிற இடத்தில், ஒரு மாதம்.

"என்னங்க," என்றாள், "சாயங்கால ஊசியில..."

"ரெண்டு கோடு" என்றார் அவர். கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டார். "ரெண்டே ரெண்டு கோடு."

"ரெண்டு வேளையும்!" என்றார் டாக்டரம்மா. "சரி, இப்ப எனக்குத் தெரிஞ்சுடுச்சு. வேற எதையும் தேடி நேரத்த வீணாக்க வேண்டாம்." கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார். "குழந்தைகளுக்கு இந்த மருந்த இங்க மாசா மாசம் நாங்களே குடுக்கறோம். ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமேம்மா." கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நீங்க எதுக்குங்க ஒளிச்சீங்க?" என்றாள் அவள் கடைசியில். கோபம்கூட வரவில்லை. "நீங்கதான் தினமும் ஆண்டவர் பாத்துக்குவார்னு சொல்றவராச்சே?"

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "நீ பயந்து பயந்து சாகறத பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எல்லாம் தீந்துபோற அன்னிக்கு இத எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சிட்டு, பாத்தியா, ஆண்டவர் அனுப்பிட்டார்னு சொல்லலாம்னு நெனச்சேன். அன்னிக்கு ஒண்ணும் வரலேன்னா உன் விசுவாசம் போயிடுமேன்னு பயம்." கிரீஸ் கையால் பையை மூடினார். "என்னோடதும்தான்."

வேன் அக்கா பெருமூச்சு விட்டாள். "நல்லா இருக்குடா. உன் ஆண்டவருக்குப் பதிலா நீ ஒரு அற்புதம் தயார் பண்ணி அலமாரி மேல வெச்சிருக்க. இவ ஒண்ணு பனிக்குள்ள வெச்சிருக்கா. நான் சாமி கும்பிடாதவ, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா தினமும் மேல பாத்துக் கேக்கற ஆளுங்களுக்கு, எதிர்ல இருக்கற மனுஷங்ககிட்ட வாயத் தொறந்து கேக்க ஏன் வரல?"

 அவர் ஜெபிக்க வாயெடுத்தார். ஜெபத்தில் அவர் தடுமாறி அவள் பார்த்ததே இல்லை. இன்று, "ஆண்டவரே" என்றதோடு நின்றுவிட்டது. அவள் அவர் கையைப் பிடித்தாள். கிரீஸ் அவள் கையிலும் ஒட்டியது. உள்ளேயிருந்து ஏதோ இயந்திரம் விட்டு விட்டுக் கத்தியது. ஒவ்வொரு தடவை அது நின்றபோதும், இனி கத்தாதோ என்று அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள். மூவரும் எழுந்து நின்றார்கள்.

"பொண்ணு கண்ணத் தொறந்துட்டா. ஆனா இன்னும் ஆபத்து தாண்டல. யாராவது ஒருத்தர் உள்ள வாங்க, அவ ட்ரிப்ப ஏத்தவிட மாட்டேங்கறா."

"வலிக்குதா?" என்றாள் அம்மா.

"வலி இல்லம்மா. குழாயக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கறா. கைய எடுத்துவிட்டா மறுபடி பிடிக்கறா." நர்ஸ் குழப்பத்தோடு பெற்றவர்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "'கொஞ்சமாப் போடுங்க ஆன்ட்டி, நாளைக்கு வேணும், எங்க அம்மா அப்பா ரெண்டு பேருமே அப்படித்தான் போடுவாங்க'ன்னு சொல்றா. எங்கிட்ட சொன்னத உங்ககிட்ட சொல்லிடக் கூடாதாம். சத்தியம் கேக்கறா."